குடும்பத்தோடு கடல்கடந்து செய்யும் தொண்டு

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளிக்கூடத்தில் இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துக் காலங்கழிக்கும் தமிழாசிரியனாகிய என்னைக் கடல்கடந்து செய்யும் தொண்டினைப் பற்றிப் பேசுமாறு காரியதரிசியவர்கள் பணித்தபோது யான் சிறிது தயங்கினேன். யான் கப்பலேறியவனும் அல்லேன். ஆகாய விமானத்தில் பறந்தவனும் அல்லேன். ஆயினும் இப்பொருள் என் வீட்டு வாயிலுக்கே வந்து என்னை ஒரு வினா வினவியது. அவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறே இன்றைய என் பேச்சு.

சென்ற மாசித் திங்களில், முன்னொருகால் என்னிடம் பயின்ற மாணாக்கர் ஒருவர், தம் மனைவியோடும், ஒன்பது வயதுப் பெண்ணோடும், ஆறு வயதுப் பையனோடும் என் இல்லத்திற்கு வந்திருந்தார். நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பம். நற்குணமும் நற்செய்கையும் உடைய குடும்பம். “ஐயா, கோடை விடுமுறையில் பத்து நாள் கம்போடியா தேசத்துக்குப் போகிறோம். அங்கே ஓர் அநாதைப் பிள்ளைகள் இல்லத்தில் தொண்டு செய்ய ஏற்பாடாகியிருக்கிறது. பிள்ளைகளையும் அழைத்துப் போகிறோம். பிறர் துன்பத்தைக் கண்ணாற் கண்டால்தானே இரக்கம் என்பது இவர்கள் நெஞ்சில் வேரூன்றும்? தாங்கள் ஆசீர்வதிக்க வேண்டும்” என்றார். யான் வாய் திறக்குமுன் அவர் மகள் என்னை நோக்கி, “ஐயா, அந்தப் பிள்ளைகளுக்கு அம்மாவே இல்லையா?” என்று கேட்டாள்.

குழந்தை கேட்ட கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. “ஆராய்ந்து சொல்கிறேன், அம்மா” என்றேன். பெற்றோரிடமும் ஆசியை உடனே கூறாது, “ஒரு திங்கள் பொறுங்கள்” என்று கேட்டுக்கொண்டேன். நல்ல காரியத்துக்கு நல்வாக்குக் கூற இவ்வாசிரியன் ஏன் தயங்குகிறான் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். அத்தயக்கத்தின் காரணத்தையும், பின்னர் யான் அறிந்தவற்றையும் உங்கள் முன் வைக்கின்றேன்.

நம் முன்னோர் தொண்டினை இல்லறத்தின் ஒரு பகுதியாகவே கருதினர். இல்வாழ்வான் தானும் தன் மனைவியும் மக்களுமாக விருந்தோம்பி, வறியார்க்கு ஈந்து வாழ்தலே அறம் என்பது தமிழர் கொள்கை. ஆகவே குடும்பமாகச் சென்று தொண்டு செய்தல் நமக்குப் புதியதன்று. வள்ளுவப் பெருந்தகையார் ‘ஒப்புரவறிதல்’ என்று தனியே ஓர் அதிகாரம் வகுத்துப் பிறர்க்குப் பயன்படுவார்க்கு நான்கு உவமைகள் காட்டுகின்றார். கைம்மாறு கருதாது பெய்யும் மழை ஒன்று. ஊரார் நீருண்ணும் குளம் ஒன்று. ஊர் நடுவே பழுத்த மரம் ஒன்று. எல்லா உறுப்பும் மருந்தாக உதவும் மரம் ஒன்று. யான் இவ்வதிகாரத்தை இருபது ஆண்டுகளுக்கு மேலாக மாணாக்கர்க்குக் கற்பித்து வருகின்றேன். எனினும் ஓர் உண்மை இவ்வாண்டுதான் என் கருத்திற் பட்டது. குளமும், பழமரமும், மருந்துமரமும் ஓரிடத்தில் நிலைத்து நிற்பன. மழையொன்றே வந்து போவது. ஆயினும் அது பருவந்தோறும் மறவாது வருவது. ஒருநாள் மட்டும் தோன்றி மறைவதொன்றும் அவ்வுவமைகளுள் இல்லை.

நிற்க. பிறநாட்டுக்குப் பிள்ளைகளோடு சென்று தொண்டு புரிந்தோருள் நம் தமிழ்நாட்டோடு நெருங்கிய தொடர்புடைய குடும்பம் ஒன்றுண்டு. அதன் வரலாற்றைச் சற்றே விரித்துரைக்க விரும்புகின்றேன்.

அமெரிக்க தேசத்தில் நியூயார்க் நகரில் ஜான் ஸ்கடர் என்னும் வைத்தியர் இருந்தார். அவர் 1793-ஆம் ஆண்டிற் பிறந்தவர். நல்ல வருவாயுடைய தொழிலை விடுத்து, 1819-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தம் மனைவி ஹாரியட் அம்மையாரோடும், இரண்டு வயது நிரம்பிய ஒரு பெண் குழந்தையோடும் கப்பலேறினார். அவர்கள் சேரவேண்டிய இடம் இலங்கையின் வடபால் உள்ள யாழ்ப்பாணம். கப்பல் முதலிற் கல்கத்தாவை அடைந்தது. அங்கேயே அக்குழந்தை நோயுற்று இறந்தது. தொண்டு செய்யுமிடத்தைக் காணுமுன்னரே தம் ஒரே மகவை அந்நிய மண்ணிற் புதைத்துவிட்டு, அவ்விருவரும் மேலே சென்றனர்.

பண்டத்தரிப்பு என்னும் ஊரில் அவர்கள் குடியமர்ந்தனர். அவர் சமயத் தொண்டரும் ஆவார். தம் சமயத்தைப் பரப்புதலும் அவர் நோக்கமாக இருந்தது என்பதை மறைத்தற்கில்லை. அதுபற்றி உங்களுட் பலர்க்குப் பலவாறான கருத்துண்டு; அவ்வாராய்ச்சி இன்றைய பொருளன்று. அவரும் அவர் குடும்பமும் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதே நாம் நோக்கற்பாலது. அவர் கற்றுத் தேர்ந்த வைத்தியத்தையே அங்குச் செய்தார். தமிழ் கற்றார். இடையே சில ஆண்டுகள் தாய்நாடு சென்று மீண்டது நீங்கலாக, யாழ்ப்பாணத்திலும், 1836-க்குப் பின் சென்னையிலுமாகத் தம் வாழ்நாளைக் கழித்தார். ஹாரியட் அம்மையார் 1849-இற் சென்னையிலே காலமானார். வைத்தியர் உடல் நலிவுற்று, நலம் பெறும்பொருட்டுத் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குச் சென்று 1855-இல் அங்கே உயிர் நீத்தார்.

அவர்தம் புதல்வருள் எழுவர் தென்னிந்தியாவுக்கு மீண்டு வந்து தொண்டு புரிந்தனர். 1853-இல் ஆர்க்காட்டுப் பகுதியில் ஒரு தொண்டுச் சபையை நிறுவியவர் அவர்களுள் மூவர். இராணிப்பேட்டையில் 1866-இல் மருத்துவசாலையைத் தொடங்கியவர் மற்றொருவர். மூத்த மகனாராகிய ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் பண்டத்தரிப்பிலேயே 1822-இற் பிறந்தவர். தமிழொலி கேட்டு வளர்ந்தவர். பின்னாளிற் தமிழில் நூல்கள் எழுதும் அளவுக்குப் புலமை பெற்றவர். இக்குடும்பத்தில் நான்கு தலைமுறைகளில் நாற்பதுக்கு மேற்பட்டோர் இவ்வாறு தொண்டு புரிந்தனர் என்பர்.

இவ்வளவும் கேட்ட அளவில், பிள்ளைகளை அழைத்துச் சென்றால் பிள்ளைகளும் தொண்டராவர் என்று நாம் எளிதில் முடிவு செய்துவிடலாகாது. அக்குடும்பத்துப் பிள்ளைகள் கொடுத்த விலை பெரிது. அக்காலத்தில் அத்தகைய பெற்றோர், பிள்ளைகள் பத்து வயதை அடையும் முன்னோ பின்னோ, கல்விக்காகவும் உடல்நலத்துக்காகவும் அவர்களைத் தாய்நாட்டுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். ஹென்றியும் பத்து வயதிற் கப்பலேற்றப்பட்டார். கடிதம் சென்று சேர மாதங்கள் பல ஆகும் காலத்தில், தாயின் முகம் காணாது வளர்ந்த அப்பிள்ளைகளின் துயரத்தை யார் அளக்க வல்லார்?

இதனை இன்னும் தெளிவாகக் காட்டுவது அக்குடும்பத்தின் மூன்றாந் தலைமுறையைச் சேர்ந்த ஐடா அம்மையாரின் வரலாறு. வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரியை அறியாதார் நம்மில் இல்லை. அதனை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இராணிப்பேட்டையிற் பிறந்தார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்பொழுது அவர் ஆறேழு வயதுக் குழந்தை. பசியால் மெலிந்து, கையெடுத்து உண்ணவும் வலியற்றுக் கிடந்த சிறுவர்க்கு ரொட்டியைப் பிட்டு ஊட்டும் வேலை அக்குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. பிறர் துன்பத்தைக் கண்ணாற் கண்டால் இரக்கம் பிறக்கும் என்றார் என் மாணாக்கர். ஐடா கண்டார். கண்டதன் பயன் யாது? இந்த நாட்டைவிட்டு நீங்க வேண்டும், தொண்டராக ஒருநாளும் வரக்கூடாது என்னும் எண்ணமே அவர் உள்ளத்திற் பதிந்தது. பின்னர்க் குடும்பம் அமெரிக்கா சென்றது. தந்தையும், அவரைத் தொடர்ந்து தாயும் இந்தியாவுக்கு மீள, சிறுமி உறவினர் வீட்டில் விடப்பட்டாள். பெற்றோரைப் பிரித்த அத்தொண்டின்மேல் அவளுக்கு வெறுப்பு வளர்ந்ததேயன்றி விருப்பு வளரவில்லை.

அங்ஙனமாயின் அவர் எவ்வாறு வைத்தியரானார்? 1890-இல், தாயார் நோயுற்றிருந்தமையால், சில காலம் உடனிருந்து பார்த்துக்கொள்ளும் கருத்தோடு திண்டிவனத்துக்கு வந்தார். அங்கு ஒரே இரவில் மூவர் வந்து, பிரசவ வேதனையால் வருந்தும் தத்தம் மனைவியரைக் காக்குமாறு அவரை அழைத்தனர். ஒருவர் பிராமணர், ஒருவர் முகம்மதியர், ஒருவர் பிறிதொரு மேற்குலத்தைச் சேர்ந்தவர். “எனக்கு வைத்தியம் தெரியாது, என் தந்தையார் வைத்தியர், அவரை அழைத்துச் செல்லுங்கள்” என்றார் ஐடா. ஆண்மகன் ஒருவன் தம் வீட்டுப் பெண்ணைத் தொட்டு வைத்தியம் செய்வதை எங்கள் வழக்கம் ஒப்பாது என்று மூவரும் மறுத்துச் சென்றனர். மறுநாட் காலையில் மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது. குலத்தால் வேறுபட்ட மூன்று இல்லங்கள் ஒரு மூடவழக்கத்தால் மட்டும் ஒன்றுபட்டு, அவ்விரவில் மூன்று தாய்மாரைப் பலிகொடுத்தன. சாதி அபிமானம் பேசும் நாம் இதனைச் சற்றே நின்று நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

அவ்விரவுதான் ஐடாவை மாற்றியது. அப்பொழுதும் அவர், “இன்றே தொண்டு தொடங்குகிறேன்” என்று புறப்படவில்லை. தம்மால் அன்று ஒன்றும் செய்ய இயலாது போனதற்குக் காரணம் அன்பின்மையன்று, கல்வியின்மையே என்று உணர்ந்தார். அமெரிக்கா சென்று வைத்தியக் கல்வி பயின்று, 1899-இற் பட்டம் பெற்று, 1900-இல் வேலூர் வந்து சேர்ந்தார். ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய வைத்தியம் அது. 1902-இல் நாற்பது படுக்கைகள் கொண்ட மருத்துவசாலை எழுந்தது. 1909-இல் தாதியர் பயிற்சி தொடங்கியது. 1918-இற் பெண்களுக்கான வைத்தியப் பள்ளி தோன்றியது. 1947 முதல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். அம்மையார் 1960-ஆம் ஆண்டு மே மாதத்திற் கோடைக்கானலில் இயற்கை எய்தினார். தாம் ஒருவராகவே எல்லார்க்கும் வைத்தியம் செய்துவிட இயலாது, இந்நாட்டுப் பெண்களையே வைத்தியராக்க வேண்டும் என்று துணிந்ததே அவர் செய்த தொண்டுகளுள் தலையாயது என்பது எனது துணிபு. தாம் இல்லாத காலத்தும் நடைபெறக்கூடிய தொண்டே தொண்டு.

இவ்வரலாற்றிலிருந்து யான் பெற்ற பாடம் மூன்று. கற்ற தொழில் ஒன்று கையில் இருத்தல் வேண்டும் என்பது முதலாவது. அம்மக்களின் மொழியைக் கற்றல் வேண்டும் என்பது இரண்டாவது. அவர்களோடு நெடுங்காலம் உடனுறைதல் வேண்டும் என்பது மூன்றாவது. இம்மூன்றும் இருந்தும், அக்குடும்பத்துப் பிள்ளைகள் பட்ட பாடு சிறிதன்று. இம்மூன்றும் இல்லாமற் பத்து நாள் போய்வருதல் யாருக்கு நன்மை தரும்?

இனி, அச்சிறுமி கேட்ட கேள்விக்கு வருவோம். அந்தப் பிள்ளைகளுக்கு அம்மா இல்லையா?

ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமாகிய யூனிசெஃப், கம்போடிய அரசாங்கத்தோடு சேர்ந்து இதனை ஆராய்ந்து 2011-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்நாட்டிற் பிள்ளைகள் இல்லங்கள் 2005-இல் 154 இருந்தன. 2010-இல் அவை 269 ஆயின. ஐந்தாண்டுகளில் அந்நாட்டுப் பிள்ளைகள் திடீரெனப் பெற்றோரை இழந்துவிட்டனரா? இல்லை. அவ்வில்லங்களில் இருந்த பிள்ளைகளுள் ஏறக்குறைய நால்வரில் மூவர்க்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தனர். நாட்டிற்கு வரும் யாத்திரிகர் பெருகினர். அநாதைப் பிள்ளைகளைக் காணவும், அவர்களோடு சில நாள் விளையாடவும், பொருள் கொடுக்கவும் அவர்கள் விரும்பினர். ஆகவே இல்லங்களும் பெருகின. “உன் பிள்ளைக்குச் சோறும் இங்கிலீஷ் படிப்பும் கிடைக்கும்” என்று சொல்லும்போது எந்த ஏழைத்தாய்தான் மயங்காதிருப்பாள்? இல்லத்தின் வருவாய் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆதலின் பிள்ளையைத் தாயிடம் திருப்பியனுப்ப அவ்வில்லத்தார்க்கு மனம் வராது. எல்லா இல்லங்களும் இத்தகையன என்று கூறேன். மெய்யாகவே ஆதரவற்றோரைப் பேணும் நல்லோரும் உளர். எனினும் வெளிநாட்டிலிருந்து பத்து நாளைக்கு வருவோர் நல்லதையும் தீயதையும் பகுத்தறிய வழியில்லை.

இஃது ஒரு நாட்டின் தீமை மட்டுமன்று. உலகப் பொதுத் தீமையாகக் கருதப்பட்டமையால், 2019-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை குழந்தைகளின் உரிமை பற்றி நிறைவேற்றிய தீர்மானத்தில், அநாதை இல்லங்களில் வரைமுறையின்றி நடைபெறும் யாத்திரிகர் தொண்டினால் விளையும் கேடுகளைத் தடுக்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

பிள்ளைகளின் உள்ளத்துக்கு விளையும் கேடு இன்னும் கொடியது. சிறு குழந்தை தன்னைத் தூக்குவார்மேல் அன்பு வைக்கும். பத்தாம் நாள் அவர் போய்விடுவார். அடுத்த வாரம் வேறொருவர் வருவார், அவரும் போவார். ஆண்டு முழுதும் இவ்வாறு பிரிவதற்காகவே அன்பு வைத்துப் பழகும் குழந்தை, முடிவில் யாரிடத்தும் அன்பு வைக்க அஞ்சும். அன்றேல் முன்பின் அறியாதார் யாவரிடத்தும் ஓடிச்சென்று ஒட்டிக்கொள்ளும். இரண்டும் அதன் வாழ்வுக்குக் கேடே.

இதனை யான் நூல்களிற் கற்றுச் சொல்லவில்லை. என் பிழையொன்றை இச்சபை முன் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கின்றேன். சில ஆண்டுகளுக்கு முன், என் மகனுக்கு எட்டு வயதானபோது, அவன் பிறந்தநாளன்று அவனையும் அழைத்துக்கொண்டு ஒரு பிள்ளைகள் இல்லத்துக்குச் சென்றேன். இனிப்பும் நோட்டுப் புத்தகங்களும் கொடுத்தோம். என் மகன் தன் கையாற் கொடுக்க, படம் எடுத்தோம். அங்கிருந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் என் மகனின் விரலைப் பற்றிக்கொண்டு மாலை முழுதும் விடவில்லை. புறப்படும்போது, “அண்ணா, நாளைக்கு வருவியா?” என்று கேட்டான். என் மகன் என்னைப் பார்த்தான். யான், “வருவான், வருவான்” என்றேன்.

நாங்கள் போகவில்லை. மறுநாள் பள்ளி, அதற்கடுத்த வாரம் தேர்வு, பின்னர் மறந்தோம். என் மகன் மட்டும் மறக்கவில்லை. ஆறு மாதம் கழித்து ஒருநாள் இரவு, “அப்பா, அந்தப் பையனிடம் நாம் பொய் சொன்னோம் அல்லவா?” என்றான். வாய்மை என்னும் அதிகாரத்தை வகுப்பறையிற் பதவுரை பொழிப்புரையோடு விரிக்கும் எனக்கு அன்று நா எழவில்லை. மறுவாரம் இருவரும் சென்றோம். அச்சிறுவன் அங்கில்லை, அவன் தாய்வழிப் பாட்டி வந்து அழைத்துச் சென்றுவிட்டாளாம். கேட்டு மகிழ்ந்தேன், ஆயினும் என் சொல் பொய்த்தது பொய்த்ததே. என் மகனுக்கு இரக்கம் கற்பிக்கப் போய், ஓர் ஏழைப் பிள்ளையை அதற்குப் பாடப்புத்தகமாகப் பயன்படுத்தினேன் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். பாடப்புத்தகத்தைப் படித்து மூடி வைக்கலாம். பிள்ளையை அவ்வாறு செய்யலாமா?

அங்ஙனமாயின், குடும்பத்தோடு பிறநாடு சென்று தொண்டு செய்தலே ஆகாதோ எனின், அவ்வாறு கூறேன். செய்யும் முறை அறிந்து செய்தல் வேண்டும் என்பதே என் விண்ணப்பம். அம்முறையைச் சுருங்கக் கூறுகின்றேன்.

முதலாவது, போகுமிடத்தில் வேண்டப்படுவது யாது என்பதை அவ்வூராரையே கேட்டறிக. அவர்கள் வேண்டுவது உம்மிடம் இருக்கிறதா என்று பார்க்க. வைத்தியர், தாதியர், ஆசிரியர், எந்திரத் தொழில் வல்லார், கணக்கர் ஆகியோர் தம் தொழிலையே கொண்டு செல்க. சுவர் எழுப்பத் தெரியாதவர் அங்குச் சென்று சுவர் எழுப்புவாராயின், அவ்வூர்க் கொத்தனார்க்குக் கிடைக்கவேண்டிய கூலி போவதோடு, சுவரும் கோணலாகும். உடனிருந்து அவ்வூர்த் தொழிலாளிக்குக் கற்பித்து வருவதே மேல்.

இரண்டாவது, பத்து நாளென்னாது ஓராண்டு, ஈராண்டு என்று செல்க. இயலாதாயின், மழையைப்போல் ஒரே ஊருக்குப் பருவந்தோறும் செல்க. நீண்டநாள் தங்குவோரின் பிள்ளைகள் அவ்வூர்ப் பள்ளியிலேயே படிக்கட்டும். அவ்வூர் மொழியிலேயே சண்டையிட்டுச் சமாதானமாகட்டும். பிள்ளையைக் கொடையாளியாக நிறுத்துதல் தகாது; அவன் தோழனாகட்டும். இனிப்புக் கொடுக்கும் பிள்ளை மேலே நிற்கின்றான். பந்து விளையாடும் பிள்ளை சமமாக நிற்கின்றான். இரக்கத்தினும் சமத்துவம் சிறந்த கல்வி.

மூன்றாவது, சொந்தப் பிள்ளையின் நலத்தைப் பணயமாக வைத்தலாகாது. கல்கத்தாவில் இறந்த அக்குழந்தையை நினைமின். அக்காலத்தில் அதற்கு மருந்தில்லை. இக்காலத்திற் பலவற்றுக்குத் தடுப்பு உண்டு. ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் பல நாடுகளுக்குச் செல்வோர் மஞ்சட்காய்ச்சல் தடுப்பூசி குத்திக்கொள்ளல் வேண்டும். 2016 முதல் ஒருமுறை குத்திக்கொண்ட சான்று வாழ்நாள் முழுதும் செல்லும் என்று உலக சுகாதார விதிகள் திருத்தப்பட்டன. மலேரியாவுக்கு மருந்தும் கொசுவலையும் வேண்டும். நாயைக் கண்டாற் குழந்தைகள் தடவிக் கொடுக்க ஓடுவர். ஆதலின் வெறிநாய்க்கடி பற்றியும் வைத்தியரைக் கலந்துகொள்க. சுற்றுலாவுக்குரிய விசாவில் தொண்டு வேலை செய்தலைப் பல நாடுகள் ஒப்பா. உரிய அனுமதி பெற்றே செல்க.

நான்காவது, பிள்ளையின் மனத்தையும் கேட்க. ஐடா என்னும் ஆறு வயதுக் குழந்தை பஞ்சத்தில் ரொட்டி ஊட்டியபோது, அவள் மனத்தில் என்ன நிகழ்கின்றது என்று கேட்பாரிருந்தனரா என்பது ஐயமே. காண்பதைத் தாங்கும் வயதா என்று நோக்குக. இரவில் அருகிருந்து, “இன்று என்ன கண்டாய்? என்ன நினைத்தாய்?” என்று கேட்டுப் பேசுக. வளர்ந்த பிள்ளை “வரமாட்டேன்” என்றால் அதற்கும் காரணம் இருக்கும்.

ஐந்தாவது, குழந்தைகள் இல்லங்களுக்குத் தொண்டு செய்யச் செல்லற்க. பிள்ளையைத் தாயிடமிருந்து பிரியாது காக்கும் வழியில் உம் பொருள் செல்லட்டும். தாய்க்கு ஒரு தொழில், பிள்ளைக்குப் பள்ளிச் சம்பளம், வீட்டுக்கு நோய்க்கால உதவி என்று இவற்றைச் செய்வோர்க்குக் கொடுமின். ஏழைப் பிள்ளையோடு நின்று படமெடுத்து ஊரெங்கும் அனுப்புதலை அறவே விடுமின். நம் பிள்ளையின் வறுமையைப் பிறர் படமெடுக்க நாம் ஒப்புவோமா?

இறுதியாக, நம் சங்கத்துக்கே ஒரு சொல். நம் சங்கம் நம் குலத்துப் பிள்ளைகளின் கல்விக்கு உதவி வருகின்றது. அது நன்று, அவ்வுதவியாற் படித்தவர்கள் இச்சபையிலேயே பலர் இருக்கின்றீர்கள். ஆயினும் திண்டிவனத்து மூன்று இல்லங்களை நினைக்கும்போது, ஒரு குலத்தின் வேலிக்குள்ளேயே அடங்கிய அன்பு ஆபத்துக் காலத்தில் அக்குலத்தையும் காக்க வல்லதன்று என்பது விளங்குகின்றது. ஆகவே யான் ஒரு வேண்டுகோள் விடுக்கின்றேன். கடல்கடந்து தொண்டு செய்ய விரும்பும் குடும்பம், முதலில் நம் ஊரிலேயே, நம் குலத்தார் வாழாத ஒரு தெருவில், ஓராண்டுக் காலம் வாரந்தவறாது, பிள்ளைகளோடு சென்று ஒரு தொண்டினைச் செய்து பார்க்கட்டும். மாலையிற் பாடம் சொல்லிக்கொடுத்தலாயினும் ஆகுக. முதியோர்க்குக் கடிதமும் விண்ணப்பமும் எழுதிக்கொடுத்தலாயினும் ஆகுக. அவ்வோராண்டு தளராது செய்தவர் கடல் கடக்கட்டும். தெருவைக் கடக்க இயலாதார் கடலைக் கடந்து என்ன பயன்?

என் மாணாக்கர் குடும்பத்தாரிடம் ஒரு திங்கள் கழித்து இவற்றையெல்லாம் கூறினேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். கட்டிய முன்பணம் போய்விடுமே என்ற கவலையும் அவர்க்கு இருந்தது, அது குற்றமன்று. முடிவு அவர்களுடையது, அதனை யான் இங்குக் கூறுதல் முறையன்று. அவர் மகளிடம் மட்டும், “அம்மா, நீ கேட்டாயே, அந்தப் பிள்ளைகளுள் பலர்க்கு அம்மா இருக்கிறாள்” என்றேன். அவள் சிறிது யோசித்து, “அப்போது அந்த அம்மாவுக்கல்லவா நாம் உதவ வேண்டும்?” என்றாள்.

யான் ஒரு மணி நேரம் பேசியதை அக்குழந்தை ஒரே வாக்கியத்திற் கூறிவிட்டாள்.